பதினாலாம் நம்பர் பாலம்

1934ஆம் வருஷம் ஐப்பசியில் செங்காட்டூரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை கருப்பாத்தாள் குட்டையைப் பார்க்கப் போனாள். எருமை படுத்தால் முதுகு நனையாத அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. கரையில் நின்றிருந்த நாலு பேர், மழை பத்தாது, இன்னும் பெய்யவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பத்தாதுங்களா? என்ற ஊட்டு வாசல்ல கவுத்து வெக்காத அண்டா ரொம்பி வழிஞ்சு கெடக்குது. வானத்துல இருந்து வந்த தண்ணி குட்டைக்கு வராம எங்க போச்சு?" என்று கேட்டாள் கருப்பாத்தாள்.

ஒருவர் வானத்தைப் பார்த்தார். இன்னொருவருக்குத் திடீரென்று மாடு கட்டவேண்டிய வேலை ஞாபகம் வந்தது.

அவளுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. மூன்று ஏக்கர் காடும் ஒரு கிணறும் உள்ள பாலுசாமியின் மனைவி. குழந்தை இல்லை. ஒல்லியான உடம்பு, பெரிய பாதம், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கும் வாய். அந்த வாயால் அவளுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்ததில்லை. குட்டை நிறைந்தால்தான் அதைச் சுற்றியிருக்கும் பதினேழு கிணறுகளிலும் ஊறும். மூன்று வருஷமாகக் குட்டை நிறையவில்லை. பாலுசாமியின் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தால் அரை நாளில் தோல் பறி தரையைத் தட்டியது. அந்த வருஷம் பருத்தி போடவேண்டாம், கம்பு மட்டும் விதைத்தால் போதும் என்று அவன் தீர்மானித்திருந்தான்.

அன்றைக்கே அவள் குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தாள். அந்த ஓடையை ஊரில் கிளுவம்பள்ளம் என்பார்கள். பள்ளம் முழுக்க மணல் ஈரமாக இருந்ததே தவிர, தண்ணீர் ஓடிய தடம் இல்லை. அரை மைல் போனதும் ரயில் மேடு வந்தது.

ரயில் மேடு என்று பெயரே தவிர, அதில் ரயில் ஓடி வருஷம் பதினேழு ஆகியிருந்தது. கொடுமுடிப் பக்கத்தில் பெரிய லைனிலிருந்து பிரிந்து, ஒன்பது மைல் மேற்கே புளியங்காட்டுச் சந்தை வரை பருத்தி ஏற்ற ஒரு கம்பெனி போட்ட சின்ன லைன் அது. ஐந்து வருஷம்தான் ஓடியது. ஜெர்மன் சண்டையின் நடுவில் தண்டவாளத்தைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, போர் நடந்த பஸ்ராவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சண்டை முடிந்த பிறகு யாரும் திரும்பி வந்து போடவில்லை. மிஞ்சியது இரண்டு ஆள் உயரத்துக்கு நீண்டு கிடக்கும் மண்மேடும், அதன் மேல் முளைத்த வேலாமரங்களும்.

கிளுவம்பள்ளம் அந்த மேட்டில் போய் முட்டி நின்றது. முட்டிய இடத்தில் கற்றாழையும் சப்பாத்திக் கள்ளியும் சுவர் மாதிரி அடர்ந்திருந்தன. அவள் அரிவாளால் வழி செய்து மேலே ஏறினாள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். மேடே ஏரிக்கரை போல நிற்க, ஏழெட்டு ஏக்கருக்குச் செந்நிறத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டியபடி திருமூர்த்திக் கவுண்டர் நின்றிருந்தார்.

மேட்டின் இரண்டு பக்கமும் அவருடைய காடுதான். ஊரில் பாதிப் பேர் அவரிடம் குத்தகைக்கு இருந்தார்கள். மீதிப் பேருக்கு அவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏனம்மிணி, கள்ளிக்குள்ள வந்திருக்கற? கால்ல முள்ளு ஏறிப்போகுமல்லொ?" என்றார்.

"ஏனுங்ணா, தண்ணி எல்லாம் இங்கயே நிக்குதுங்களே. இங்க ஒரு பாலம் இருக்கோணுமே?"

"பாலமா? இங்க பாலமே இல்ல கண்ணு. கம்பெனிக்காரன் போட்ட மேடு. மழைத் தண்ணி தானா நிக்குது, நாம என்ன பண்றது?"

"பள்ளத்தக் குறுக்க அடச்சு மேடு போடமாட்டாங்ணா. நானும் ரயில் ரோட்டுக்கு மண்ணு சொமந்தவதானுங்."

அது உண்மை. கிழக்கே ஐந்து மைலில் உள்ள மொடக்குப்புதூர் அவள் பிறந்த ஊர். பதினைந்து வயதில் அந்த லைனுக்கு அவள் கூடையில் மண் சுமந்திருக்கிறாள். முதலில் பள்ளத்துக்குப் பாலத்தைக் கட்டி முடிப்பார்கள், பிறகுதான் இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். செங்காட்டூருக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு. அதனால் இந்த இடத்தை ரயில் ஓடிய நாளில் அவள் பார்த்ததில்லை; அதற்குப் பிறகும் கவுண்டரின் காட்டுக்குள் வர அவளுக்கு வேலை இருந்ததில்லை.

திருமூர்த்திக் கவுண்டர் சிரித்தார். "என்ற கெணத்துல முப்பது வருஷத்துல மொத தடவையா ஊத்துக் கண்ணு தொறந்திருக்குது. சாமி குடுத்தது. அதப் போயிக் கேள்வி கேக்காத. ஊட்டுக்குப் போ அம்மிணி, பாலுசாமி சோத்துக்குக் காத்திருப்பான்."

வீட்டுக்கு வந்தவள் பாலுசாமியிடம் கேட்டாள். "மாமா, நீங்க இந்த ஊருலயே பொறந்தவிய. ரயில் ஓடறப்ப கெளுவம்பள்ளத்துல பாலம் இருந்துச்சா, இல்லியா?"

பாலுசாமி நல்லவன்; சண்டை என்றால் மூன்று தெரு சுற்றிப் போகிறவன். சோற்றைப் பிசைந்துகொண்டே நேரம் கடத்தினான். "இருந்த மாதிரியும் இருக்குது... இல்லாத மாதிரியும் இருக்குது. இப்ப என்னத்துக்கு அது?"

"பாலம் எப்பிடிங்க இருந்த மாதிரி இருக்கும்?"

அவன் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனான். ஊரில் கேட்ட அத்தனை பேரும் அப்படித்தான். தெரியாது என்று சொன்னவர்களை அவளால் மன்னிக்க முடிந்தது. தெரிந்தும் தலையைச் சொறிந்தவர்களைத்தான் முடியவில்லை.

செங்காட்டூர் ரயில் நிலையம் ஒரு கல் கட்டடம். கூரை ஓடு பாதி போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஊர்க்காரர்கள் ராகி காயப்போடுவார்கள். டிக்கெட் கொடுத்த அறையில் கண்ணையா குடியிருந்தார். ரயில் ஓடிய காலத்தில் தண்டவாளத்தின் ஆணிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு தினமும் ஏழு மைல் நடந்தவர். வேலை போன பிறகு நாலு ஆடுகளை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். திருமூர்த்திக் கவுண்டர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்ததால்தான் அந்த இடம் அவருக்கு நிலைத்தது.

கருப்பாத்தாள் கேட்டதும் அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னயக் கேக்காதம்மா. எனக்கு இந்தக் கூரைய உட்டா வேற போக்கிடம் இல்ல."

அவள் எழுந்து நாலடி நடந்தாள். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஒவ்வொரு பாலத்துக்கும் நெத்தியில நம்பர் வெட்டியிருக்கும். ஜங்ஷன்ல இருந்து ஒன்னு, ரெண்டுன்னு வரிசையா வரும். கல்லு பொய் சொல்லாது. நான் ஒன்னும் சொல்லல பாத்துக்க."

அவளுக்கு எழுத்தும் தெரியாது, இங்கிலீஷ் எண்ணும் தெரியாது. பாலுசாமியின் வெள்ளைத் துண்டு ஒன்றையும் அடுப்புக்கரி நாலு துண்டையும் எடுத்துக்கொண்டாள். கார்த்திகை பிறந்த வாரம், முதல் நாள் மேற்கே சந்தைப் பக்கம் இரண்டு மைல் நடந்தாள். மேட்டின் மேலேயே நடப்பாள். பள்ளம் தெரிந்த இடத்தில் கீழே சறுக்கி இறங்கி, பாலத்தின் நெற்றியில் படர்ந்த கொடியை விலக்கிப் பாசியைச் சுரண்டுவாள். கல்லில் வெட்டியிருப்பதை அப்படியே கரியால் துண்டில் வரைந்துகொள்வாள். ஐந்து பாலங்கள். ஐந்து கிறுக்கல்கள்.

மறுநாள் வெடியாலே, இருட்டு பிரிவதற்குள், கம்பஞ்சோறு நிறைத்த போசியோடு கிழக்கே கிளம்பினாள். லைன் பிரியும் ஜங்ஷன் வரை ஏழு மைல். அந்த லைன் எப்படிக் கரைந்திருக்கிறது என்பதை அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகள் மாட்டுக் கொட்டகைகளுக்கு உத்தரமாகியிருந்தன. சரளைக் கல் கிணற்று மேடைகளுக்குப் போயிருந்தது. ஒரு கைகாட்டி மரத்தின் உச்சியில் பருந்து கூடு கட்டியிருந்தது. பாறையை வெடித்துப் பாதை போட்ட இடத்தில் ஆள் நடமாட்டம் அற்றுப்போய், பத்துப் பன்னிரண்டு மயில்கள் அவளைப் பார்த்தும் நகராமல் நின்றன. நொய்யல் ஆற்றில் கல் தூண்கள் மட்டும் நின்றன. மேலே இருந்த இரும்பு எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்தாள். மொடக்குப்புதூருக்குப் பக்கத்தில் அவள் மண் சுமந்த மேடு வந்தது. மற்ற இடமெல்லாம் மழையில் அரித்திருக்க, அது மட்டும் அரிக்காமல் நின்றது. அவளுக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

ஜங்ஷனில் ரயில்வே ஆபீஸ் வாசலில் நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பியூன் உள்ளே விடவில்லை. அவள் வாசற்படியிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டாள். வேலை முடிந்து வெளியே வந்த குமாஸ்தா பஷீர் துண்டை மிதிக்கப் போய்ச் சட்டென்று நின்றார். குனிந்து பார்த்தார்.

"இது என்னங்கம்மா? பாலத்து நம்பரா? யாரு எழுதுனது?"

"நான்தானுங்க. கல்லுல இருக்கறதப் பாத்து வரஞ்சேன். படிச்சுச் சொல்லுங்க சாமி."

பஷீர் விரலை வைத்துப் படித்தார். ஒன்று, இரண்டு என்று பதின்மூன்று வரை வந்தது. பிறகு ஒரு சாண் வெறும் துணி. அதற்கப்புறம் பதினைந்து, பதினாறு என்று பத்தொன்பதில் முடிந்தது.

"இந்த எடத்துல ஏன் காலியா உட்டிருக்கீங்க?"

"அதுதானுங்க எங்கூரு."

பஷீர் உள்ளே திரும்பிப் போய், தூசி படிந்த ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். "பதினாலு. செங்காட்டூர். பத்தடி அகலம், கல் வளைவு" என்று வாசித்துக் காட்டினார். எழுதித் தர அவருக்கு அதிகாரம் இல்லை. மேலே மனுப் போடவேண்டும் என்றார். மனுவை அவரே எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். அன்று அவள் மொடக்குப்புதூரில் அண்ணன் வீட்டில் தங்கி, மறுநாள் ஊர் திரும்பினாள்.

பதில் மாசியில்தான் வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார். அந்த லைன் கைவிடப்பட்டுவிட்டது. அதன் பாலங்களைப் பராமரிக்கும் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை. ஆனாலும் நிலம் கம்பெனியுடையது, அனுமதியில்லாமல் யாரும் கைவைக்கக் கூடாது.

"அவியளும் பாக்க மாட்டாங்களாம், நாமளும் தொடக் கூடாதாம். அப்ப யாருக்கு இருக்குது அந்தப் பாலம்?" என்று கேட்டாள் கருப்பாத்தாள்.

"அதான் சர்க்கார் மாதிரி கம்பெனியே சொல்லிப்போட்டாங்களே, உட்டுரு புள்ள," என்றான் பாலுசாமி.

மறுநாளிலிருந்து அவள் ஊரில் வீடு வீடாகப் போனாள். ஆண்களிடம் கேட்கவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கிற பெண்களிடம் கேட்டாள். முதல் நாள் ஒருத்தியும் வருகிறேன் என்று சொல்லவில்லை. நாலாம் நாள் முத்தாத்தாள் வந்தாள். அவள் வீட்டுக்காரன் திருமூர்த்திக் கவுண்டரிடம் குத்தகைக்கு இருந்தவன். "குத்தகை போனாப் போகுது. தண்ணியில்லாத காட்ட வெச்சுட்டு என்ன பண்ணப் போறோம்?" என்றாள். முத்தாத்தாள் வந்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறும் நேரத்தில், ஊரே பார்க்க எட்டுப் பெண்களும் கொத்தும் மண்வெட்டியும் கூடையுமாக ரயில் மேட்டுக்குப் போனார்கள். ராத்திரியில் போய்த் தோண்டிவிடலாம் என்று ஒருத்தி சொன்னதற்கு, "நாமென்ன திருடவா போறோம்?" என்று கருப்பாத்தாள் மறுத்துவிட்டாள். கள்ளியை வெட்டிச் சாய்த்தார்கள். மேல் மண் இளகியதாகவே இருந்தது. பதினேழு வருஷம் கிடந்து இறுகிய மண் அப்படி வராது என்பது மண் சுமந்த அவள் கைக்குத் தெரிந்தது.

ஒரு நாழிகைக்குள் திருமூர்த்திக் கவுண்டர் ஆள்களோடு வந்துவிட்டார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

"அம்மிணி, இது கம்பெனி எடம். சுத்தியும் என்ற காடு. போலீசுக்கு ஆள் உட்டிருக்கறேன்."

"கூப்புடுங்ணா. அவிய வண்டி கட்டி வாரதுக்குள்ள நாங்க இன்னும் ரெண்டு மொழம் எறங்கிப்போடுவோம்."

"பொம்பளைக மேல கைய வெக்கறவன் நான் இல்ல. உன்ற புருசனக் கூட்டியாரச் சொல்றேன்."

"வரட்டுங்ணா. அவருக்கும் ஒரு மம்புட்டி இருக்குது."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் வருவான் என்ற நம்பிக்கை அவளுக்கே இல்லை. குனிந்து கொத்தை ஓங்கிப் போட்டாள். டங்கென்று கல்லில் பட்டது. முத்தாத்தாள் கையாலேயே மண்ணை வழித்தாள். வளைத்துக் கட்டிய கல் தெரிந்தது. நடுக்கல்லின் மேல் ஒட்டியிருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தபோது, ஒரு கோடும் அதன் பக்கத்தில் வேறொரு எழுத்தும் தெரிந்தன. முதல் கோடு அவள் துண்டில் பல தடவை போட்டது; அவளுக்கு அத்துப்படி. அடுத்ததும் நாலாம் பாலத்தில் வரைந்ததுதான்.

"பதினாலு!" என்று கத்தினாள். "ஏனுங்ணா, இங்க பாலமே இல்லீன்னீங்களே. இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்ணா. எனக்குத்தான் படிப்பு வராது, உங்களுக்கு வருமல்லொ!"

திருமூர்த்திக் கவுண்டர் படிக்கவில்லை. அவரோடு வந்த ஆள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மேட்டின் மேலிருந்து கண்ணையா இறங்கி வந்தார். எல்லோர் காதிலும் விழும்படி பேசினார். "மூணு வருஷத்துக்கு முன்னால இதுல கல்லும் மண்ணும் போட்டு அடச்சவன் நானு. இவரு சொல்லித்தான் அடச்சேன். கூரைக்காகச் செஞ்சுபோட்டேன். எங்க வேண்ணாலும் வந்து சொல்றேன்."

சாயங்காலம் போலீஸ் ஏட்டு வந்து கருப்பாத்தாளை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். மாட்டு வண்டியில் ஏறும்போதுதான் அவள் பார்த்தாள். பாலுசாமி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளத்து மணலில் வந்துகொண்டிருந்தான். நடை பாதி ஓட்டமாக இருந்தது. வண்டியருகே நின்று மூச்சு வாங்கினான்.

"இருந்துச்சு புள்ள. எனக்குத் தெரியும். சின்ன வயசுல அதுக்குள்ள நான் ஒளிஞ்சு வெளையாடியிருக்கறேன்," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அழுகாதீங்க மாமா. அந்தண்டப் பக்கம் கல்லு எச்சா இருக்கும், பாத்துத் தோண்டுங்க. நான் போயிட்டு வாரேன்."

அவள் மறுநாள் ஜாமீனில் வருவதற்குள் பாலத்தின் பாதி திறந்திருந்தது. மூன்றாம் நாள் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. தோண்டியவர்களில் அப்போது பதினோரு ஆண்களும் இருந்தார்கள்.

வழக்கு சித்திரையில் தாலுகா கோர்ட்டில் வந்தது. அனுமதியின்றி நுழைந்தது, கம்பெனி சொத்தைச் சேதப்படுத்தியது என்று இரண்டு குற்றம். மாஜிஸ்திரேட் நரைத்த மீசைக்காரர். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"நொழஞ்சது நெசமுங்க. சேதம் பண்ணலீங்க. கம்பெனி கட்டுன பாலத்த மூடுனவிய சேதம் பண்ணுனவிய. நான் தொறந்து உட்டேன்."

பஷீர் அந்தப் புத்தகத்தோடு சாட்சிக்கு அழைக்கப்பட்டிருந்தார். கண்ணையாவும் சொன்னபடி சொன்னார். சேதக் குற்றம் தள்ளுபடியானது. நுழைந்த குற்றத்துக்குக் கோர்ட்டு கலையும் வரை காவலில் இருக்கவேண்டும் என்று தீர்ப்பு. பாலத்தை மூடியவர் மேல் நடவடிக்கை வேண்டுமானால் அது தனி வழக்கு என்றார் மாஜிஸ்திரேட். ஒரு ஓரத்தில் பெஞ்சு போட்டு உட்காரச் சொன்னார்கள். "தண்டனைன்னா தண்டனையாவே இருக்கட்டுங்க" என்று அவள் சாயங்காலம் ஐந்து மணி வரை நின்றாள். கோர்ட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் யார் இந்தப் பொம்பளை என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஐப்பசியில் கிளுவம்பள்ளத்தில் தண்ணீர் வந்தது. மேட்டுக்கு அப்பால் தேங்கி நிற்கவேண்டியது பாலத்துக்குள் நுழைந்து நுரையோடு வெளியே பாய்ந்து, ஒரே பொழுதில் குட்டையை முக்கால்வாசி நிரப்பியது. ஊரே கரையில் கூடி நின்றது. கருப்பாத்தாள் அங்கே நிற்கவில்லை. தண்ணீரோடு கூடவே பள்ளத்தோரம் நடந்து, சிக்கிய செத்தைகளைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கதை அதோடு தீர்ந்துவிடவில்லை. முத்தாத்தாள் வீட்டுக் குத்தகை போயிற்று. கண்ணையாவை நிலையத்திலிருந்து கிளப்பிவிட்டார்கள். ஆடுகளோடு அவர் பாலுசாமியின் காட்டில் ஓலை வேய்ந்த சாளை போட்டுக் குடியேறினார். அடுத்த வருஷம் பாலத்தின் வாயில் மறுபடியும் கல் விழுந்தது. மறுநாள் பட்டப்பகலில் எட்டுப் பெண்களும் போய் எடுத்துப் போட்டார்கள். அதற்கடுத்த வருஷமும் கல் போட்டு அடைக்கச் சொன்னபோது திருமூர்த்திக் கவுண்டரின் ஆள்களே, அவர்கள் வீட்டுக் கிணறும் குட்டையைச் சார்ந்ததுதான் என்பதால், உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார்கள்.

1938இல் கம்பெனி அந்த மேட்டை மைல் மைலாக ஏலம் விட்டது. செங்காட்டூர்ப் பகுதியைத் திருமூர்த்திக் கவுண்டர் எடுக்கப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரோடு போட்டி போட யாரும் வரவில்லை. நிலையத்துப் பிளாட்பாரத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தரம் சொல்லி முடித்து அவர் பேனாவை எடுத்தபோது கூட்டத்திலிருந்து கருப்பாத்தாள் முன்னால் வந்தாள்.

"எழுதறதுக்கு முன்னால ஒன்னுங்க. மேடு அவிய எடுத்துக்கட்டும். பாலத்துத் தண்ணி வழிய யாரும் அடைக்கக் கூடாதுன்னு அந்தக் காயிதத்துல எழுதுங்க."

"நீ யாரும்மா? ஏலம் எடுத்தவரா?"

"இல்லீங்க. அந்தத் தண்ணி குடிக்கறவ. எழுதற வரைக்கும் நான் இந்த மேசைய உட்டு நகர மாட்டேனுங்க."

அவளுக்குப் பின்னால் முத்தாத்தாள் வந்து நின்றாள். பாலுசாமி வந்தான். கண்ணையா வந்தார். ஒவ்வொருவராக ராகி மிதிபடாமல் நடந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். அதிகாரி திருமூர்த்திக் கவுண்டரைப் பார்த்தார்.

கவுண்டர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நாலு வருஷத்தில் அவருக்கும் முடி நரைத்திருந்தது. "எழுதிக்குங்க," என்றார். "இவ அப்பிடியே நிப்பா. பொழுதுக்கும் நிப்பா."

அதிகாரி எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். நம்பர் போட்டிருக்கிறதா என்று மூன்றாம் தடவை கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு காட்டுக்குப் போனாள். பருத்தியில் இரண்டு வரிசை களை பாக்கி இருந்தது.